அண்ணன் வழியும் தம்பி வழியும்

எங்கள் புதூர்ப் பக்கத்தில் ஆறு என்றால் மணல் என்று அர்த்தம். விளாத்திகுளத்தை ஒட்டி வைப்பாறு ஓடுகிறது. 'ஓடுகிறது' என்பது மரியாதைக்குச் சொல்வது. வருஷத்தில் பல மாதம் அதில் ஓடுவது ஆடுகளும் அவற்றைத் துரத்தும் பையன்களுந்தான். ஆகவே, தண்ணீர் ஓடும் ஆறு ஒன்று இருக்கிறது, அதன் பெயர் தாமிரபரணி, அது திருநெல்வேலியில் இருக்கிறது என்று சிறு வயதில் நாங்கள் கேள்விப்பட்டபோது, காசி, கங்கை என்று கேட்பது போலத்தான் இருந்தது.

என் பாட்டனார் ஒரு நில வழக்குக்காகத் திருநெல்வேலிக்குப் போய் வந்தவர். அப்போது எங்கள் ஊரும் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்ததுதான். 1986-இல்தான் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தது. வழக்கு என்ன ஆயிற்று என்பதைப் பற்றிப் பாட்டனார் பேசியதே இல்லை. ஆற்றைப் பற்றி மட்டும் ஒரே வாக்கியம் சொல்லுவார்: "பார்த்தேன், அவ்வளவு தண்ணியும் சும்மா போகுது."

அந்த ஆற்றையும் அந்த ஊரையும் சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற யோசனை எனக்கு வந்ததற்குப் பாட்டனாரின் வாக்கியந்தான் காரணம். துணைக்கு மூன்று நண்பர்கள் சேர்ந்தார்கள். ஒருவர் ஓட்டப்பிடாரம் பக்கத்துச் சரித்திர வாத்தியார். ஒருவர் கோவில்பட்டியில் தீப்பெட்டி வியாபாரம் செய்கிறவர். கியர் வைத்த புது சைக்கிள் வைத்திருந்தார். மூன்றாமவர் எட்டயபுரத்துக்காரர், ஜவுளிக் கடையில் கணக்கெழுதுகிறவர். நாங்கள் நால்வரும் பள்ளிக்கூடத்து நாள் முதல் சிநேகிதர்கள்.

எட்டயபுரத்து நண்பரைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவருக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப் பெயர் எட்டப்பன். அவர் அரண்மனைக்கு எந்த விதத்திலும் சொந்தக்காரர் அல்ல. ஊர் எட்டயபுரம், அது போதாதா? எட்டப்பன் என்பது அந்தப் பாளையக்காரர்களின் பரம்பரைப் பட்டம். கட்டபொம்மன் சண்டையில் எட்டயபுரம் கம்பெனியார் பக்கம் நின்றது. அதனால் இன்றைக்குத் தமிழ்நாட்டில் எந்த மூலையில் யார் யாரைக் காட்டிக் கொடுத்தாலும் அவனுக்கு அந்தப் பெயர். வாத்தியார் அவரை இன்றும் அப்படித்தான் கூப்பிடுவார். அவரும் சிரித்துக்கொண்டே வருவார். சிரிப்புக்கு உள்ளே என்ன இருந்தது என்று நாங்கள் யோசித்ததில்லை.

ஐப்பசி மாதக் கடைசியில், மழை சற்று விட்டிருந்த ஒரு விடியற்காலையில், கோவில்பட்டியிலிருந்து நால்வரும் புறப்பட்டோம். பையில் கடலைமிட்டாய்; சைக்கிள் பின்னால் காற்றடிக்கும் பம்பு. கயத்தாறு வரை நாற்கரச் சாலை. சுங்கச்சாவடியில் சைக்கிளுக்குக் காசு கிடையாது என்பதில் தீப்பெட்டி நண்பருக்கு ஏற்பட்ட ஆனந்தத்தைச் சொல்லி முடியாது.

கயத்தாற்றில் இறங்கினோம். 1799-ஆம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி, மேஜர் பானர்மன் மற்றப் பாளையக்காரர்களை எல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு, அவர்கள் கண் முன்னால் கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்ட இடம். பிற்காலத்தில் அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு கல்லை அங்கே போட்டுவிட்டுப் போவார்கள் என்றும், அது ஒரு குவியலாகவே ஆகிவிட்டது என்றும் சொல்லுவார்கள். யாரும் உத்தரவு போடவில்லை, கல்வெட்டு வெட்டவில்லை. பேசப் பயந்த காலத்தில் ஜனங்கள் எழுதிய சரித்திரம் அது. இப்போது சிலை இருக்கிறது. கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன் தம் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி வைத்தது.

வாத்தியார் அங்கேதான் தம் திட்டத்தை வெளியிட்டார். "போகும்போது அண்ணன் வழியாகப் போகிறோம். வரும்போது தம்பி வழியாக வருவோம்" என்றார். தம்பி என்றால் ஊமைத்துரை. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிப் பாஞ்சாலங்குறிச்சிக்கு ஓடியவன். ஏறக்குறைய 30 மைல். "அவன் ராத்திரியோடு ராத்திரியாகப் போன தூரத்தை நாம் சைக்கிளில் போய்ப் பார்ப்போம், அப்போது தெரியும்" என்றார். ஒப்புக்கொண்டோம்.

கங்கைகொண்டானில் சிற்றாற்றைத் தாண்டியதுமே காற்று மாறிவிட்டது. கரிசலின் காய்ந்த வாடை போய், வயலின் ஈர வாடை வந்தது. தச்சநல்லூர் தாண்டி ஜங்ஷனுக்குள் நுழைந்தபோது மத்தியானம்.

திருநெல்வேலியைச் சைக்கிளில் பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு. காரில் போனால் அது ஒரே ஊராகத் தெரியும். சைக்கிளில் போனால் அது இரண்டு ஊர் என்பது காலுக்குத் தெரியும். ஆற்றுக்கு மேற்கே கோயிலும் கடைத்தெருவுமாக நெல்லை. கிழக்கே கோட்டையும் பட்டாளமும் பாதிரிமாரும் பள்ளிக்கூடமுமாக வளர்ந்த பாளையங்கோட்டை. நடுவே தாமிரபரணி. ஒரு கரையில் பாண்டியர்கள் கட்டியது. மறு கரையில் பெரும்பாலும் வெள்ளைக்காரன் வந்தபின் பெருகியது. இரண்டையும் கட்டிப் போட்டிருக்கும் முடிச்சுத்தான் பாலம்.

முதலில் நெல்லையப்பர் கோயிலுக்குப் போனோம். நான்கு ரத வீதிகளையும் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தோம். அதையும் ஒரு பிரதட்சிணமாக ஈசன் ஏற்றுக்கொண்டிருப்பார். நடராஜருடைய ஐந்து சபைகளில் தாமிர சபை இங்கே இருக்கிறது. ஒரே கல்லில் செதுக்கி, தட்டினால் ஸ்வரம் பேசும் தூண் கூட்டம் இருக்கிறது. அம்மன் சந்நிதிக்கும் சுவாமி சந்நிதிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் சங்கிலி மண்டபம் 1647-இல் வடமலையப்ப பிள்ளை கட்டியது. இவற்றை எல்லாம் பற்றி விஷயம் தெரிந்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் நால்வரையும் பிடித்து நிறுத்தியது ஊர்ப் பெயரின் கதைதான். வேதசர்மா என்ற ஓர் ஏழை பக்தர் சுவாமி நைவேத்தியத்துக்காக நெல்லைக் காயப் போட்டுவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனாராம். மழை பிடித்துக்கொண்டது. ஓடி வந்து பார்த்தால், சுற்றிலும் வெள்ளம். நெல்லின் மேல் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. ஈசன் வேலி போட்டுக் காத்துவிட்டார். அதனால் நெல்வேலி. கதையைக் கேட்ட தீப்பெட்டி நண்பர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நம்ம ஊரிலே மழை வரணும்னு சாமியை வேண்டுறோம். இவங்க ஊரிலே மழை விழாம இருக்கச் சாமி வேலி போட்டிருக்கு. ஒரே ஜில்லாவா இருந்ததுங்கறீங்க!" என்றார். கரிசலுக்கும் ஆற்றங்கரைக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கோயிலை விட்டு ஜங்ஷன் பக்கம் திரும்பும் வழியில் வேறொரு சரித்திரம் ஆரம்பமாகிறது. பாரதியார் எட்டயபுரத்திலிருந்து வந்து படித்தது இங்குள்ள இந்துக் கல்லூரிப் பள்ளியில்தான். பின்னால், 1908-ஆம் வருஷம் மார்ச் 12-ந் தேதி வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் ஊரே கிளம்பிற்று. கடைகள் மூடின, கல்லூரி மாணவர்கள் வெளியே வந்தார்கள், முனிசிபல் ஆபீசும், தபாலாபீசும், போலீஸ் ஸ்டேஷனும் நெருப்பில் எரிந்தன. போலீஸ் சுட்டதில் 4 பேர் செத்தார்கள். மானேஜர், கிளார்க், கலெக்டர் என்று அதுவரை கைகட்டி நின்ற ஊர் அது. வ.உ.சி. பிறந்தது ஓட்டப்பிடாரத்தில், அதாவது எங்கள் வறண்ட சீமையில். வாத்தியார் இந்த இடத்தில் தம் மீசையை ஒரு தரம் தடவிக்கொண்டார்.

சாயங்காலம் குறுக்குத்துறைக்குப் போனோம். ஆற்றின் நடுவே பாறையோடு பாறையாக முருகன் கோயில். வெள்ளம் வந்தால் கோயில் முழுகும். வெள்ளம் வடிந்தால் சேற்றைக் கழுவிவிட்டுப் பூஜை நடக்கும். எத்தனையோ தடவை இப்படி. 1992-இலும், 2023 டிசம்பரிலும் வந்த வெள்ளங்களைப் பற்றி இந்த ஊரார் பேசும்போது, ஆறு கொஞ்சம் கோபித்துக்கொண்ட பெரியம்மாளைப் போல இருக்கிறது.

துறையில் துணி பிழிந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் சைக்கிள்களைப் பார்த்து, "எந்த ஊரு வே?" என்றார்.

"புதூர்ப் பக்கம்" என்றேன்.

"அடடே, தண்ணியில்லாக் காடுல்லா! குளிங்க, குளிங்க, நல்லாக் குளிங்க" என்று, தம் வீட்டுப் பந்தியில் உட்காரச் சொல்லுவது போலச் சொன்னார். குளித்தோம். எனக்குப் பாட்டனார் ஞாபகம் வந்தது. 'சும்மா போகுது' என்றாரே, அது அவ்வளவு சரியில்லை. மலையிலிருந்து கடலுக்குள் போய்ச் சேருமுன் எட்டு அணைக்கட்டுகளில் இந்தத் தண்ணீரைத் திருப்பி வயலுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அவற்றில் ஏழு, வெள்ளைக்காரன் வருமுன்பே இருந்தவை. கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் அணைதான் பின்னால் வந்தது.

மறுநாள் காலையில் சுலோசன முதலியார் பாலத்தின்மேல் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். பாலம் வருமுன் இரண்டு ஊர்க்காரர்களும் படகுக்குக் காத்துக் கிடந்தார்கள். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டார். சுமார் அரை லட்சம் ரூபாய் என்கிறார்கள். கப்பித்தான் பேபர் திட்டம் போட்டுக் கொடுத்தார். 11 வளைவுகளோடு 1843-இல் பாலம் திறந்தது. முதலியாரின் மனைவி தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்பது ஊரில் வழங்கும் கதை. நகர்ந்து போகும் பஸ்ஸில் இருப்பவர்களுக்கு இது ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயர். நடந்து போனால், ஒரு மனிதன் தன் காசில் இவ்வளவு தூரம் கல்லடுக்கினான் என்பது கணுக்காலில் தெரிகிறது.

"சிரஸ்தாருக்கு ஏது இவ்வளவு பணம்?" என்றார் கணக்கெழுதும் நண்பர். தொழில் புத்தி!

"நம்ம பாட்டனுங்க கட்டின கிஸ்தியா இருக்கும்" என்றார் தீப்பெட்டி நண்பர். சிரித்தோம். பிறகு எனக்குத் தோன்றியது: அவர் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் என்கிறார்கள், பணம் எப்படி வந்தாலும், பலருக்கும் வந்த பணம் பாலமாகவில்லையே! இவருடையதுதானே ஆயிற்று?

பாலத்துக்கு அப்பால் கொக்கிரகுளம், கலெக்டர் ஆபீஸ். பாட்டனார் காத்துக் கிடந்த கச்சேரி வாசல். அதையும் தாண்டிப் பாளையங்கோட்டைக்குள் போனோம். கிளாரிந்தா என்ற பிராமண விதவை 1785-இல் கட்டிய சிறு கோயில். ரேனியஸ் பாதிரியார் 1826-இல் கட்டிய, ஊசிக் கோபுரம் என்று ஊரார் சொல்லும் பெரிய தேவாலயம். காது கேளாத குழந்தைகளுக்காக 1890-களில் புளோரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் ஆரம்பித்த பள்ளிக்கூடம். இங்கே தெருவுக்குத் தெரு பள்ளிக்கூடம். எங்கள் பக்கத்துப் பையன்கள் எத்தனையோ பேர் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய ஊர் இது.

ஆனால் நாங்கள் தேடி வந்தது கோட்டை. கோட்டை போய்விட்டது; மேற்கு வாசலின் மிச்சம் மட்டும் நிற்கிறது. ஒரு காலத்தில் அதன்மேல் போலீஸ் ஸ்டேஷன் நடந்ததால் 'மேடைப் போலீஸ் ஸ்டேஷன்' என்று பெயர். ஊமைத்துரை அடைபட்டிருந்தது இங்கேதான் என்று ஊரார் சொல்லுகிறார்கள்.

1801-ஆம் வருஷம் பிப்ரவரி 2-ந் தேதி மாலை. மேஜர் மெக்காலேயின் வீட்டில் விருந்து; வெள்ளைக்காரத் துரைகளும் துரைசானிகளுமாகச் சுமார் 20 பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில், வேஷம் மாறிக் கோட்டைக்குள் வந்திருந்த ஆட்களின் துணையோடு கைதிகள் காவலை முறித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். விடிவதற்குள் பாஞ்சாலங்குறிச்சி. அங்கே கோட்டை இல்லை. கம்பெனியார் இடித்துப் போட்ட மண்மேடுதான் இருந்தது. ஒரு வாரங்கூட ஆகவில்லை. பிப்ரவரி 9-ந் தேதி கம்பெனிப் பட்டாளம் வந்து பார்த்தபோது மண்மேட்டின்மேல் கோட்டை நின்றது!

வாத்தியார் இதைச் சொல்லி முடித்ததும் நாங்கள் சைக்கிளில் ஏறினோம். தம்பி வழி தொடங்கிற்று.

கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே ஒரு விஷயம் புரிந்தது. பாளையங்கோட்டை ஆற்றுக்கு இந்தப் பக்கம். பாஞ்சாலங்குறிச்சி அந்தப் பக்கம். 1801-இல் சுலோசன முதலியாரும் இல்லை, பாலமும் இல்லை. எங்கள் பாட்டனார் வேடிக்கை பார்த்த ஆற்றில், ஊமைத்துரை இருட்டில் இறங்கித்தான் கரையேறியிருக்க வேண்டும். நாங்கள் சீவலப்பேரியில் பாலத்தின்மேல் சுகமாகக் கடந்தோம். சிற்றாறு தாமிரபரணியில் வந்து கலக்கும் இந்த இடந்தான் முக்கூடல். முக்கூடற்பள்ளு பிறந்த மண். கோவில்பட்டிக்குக் குழாயில் குடிதண்ணீர் போவதும் இங்கிருந்துதான். தீப்பெட்டி நண்பர் ஆற்றைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

மணியாச்சியில் டீக்குடித்தோம். 1911 ஜூன் 17-ந் தேதி வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது இந்த ரயில் நிலையத்தில்தான். அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. கரிசல் மழையைப் பற்றி ஆற்றங்கரைக்காரர்களுக்குத் தெரியாது. குறுக்கு வழி என்று வாத்தியார் திருப்பிவிட்ட மண் பாதையில் அரை பர்லாங்கு போவதற்குள், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றவே மறுத்துவிட்டது. கியர் சைக்கிள் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது. குச்சியால் நோண்டி எடுத்தோம். நாலடி போனதும் திரும்ப அப்பிற்று. கடைசியில் சைக்கிள்களைத் தோளில் சுமந்தோம். எங்களைச் சுமக்க வந்தவற்றை நாங்கள் சுமந்த காட்சியைப் பார்த்து ஓர் ஆட்டுக்காரப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்படிச் சேறும் சகதியுமாகப் போய்ச் சேர்ந்தபோதுதான் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் ரகசியம் எனக்குப் புரிந்தது. இப்போதுள்ளது 1974-இல் அரசாங்கம் கட்டிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டை எப்படி இருந்தது என்று, அந்தச் சண்டையில் கம்பெனிப் பட்டாளத்தோடு வந்த வெல்ஷ் என்ற அதிகாரி எழுதி வைத்திருக்கிறார்; 1830-இல் புத்தகமாக வந்தது. முழுக்க மண், பக்கங்கள் ஏறக்குறைய 500 அடியும் 300 அடியும், மதில் 12 அடி உயரம். அந்த மண் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் மண் என்கிறார். அந்த மண், எங்கள் சக்கரத்தைப் பிடித்த மண்ணுக்குத் தாயாதியாகத்தான் இருக்க வேண்டும். மார்ச் 31-ந் தேதி ஏறப் பார்த்த பட்டாளம் பெரும் சேதத்தோடு திரும்பிற்று. கர்னல் அக்னியு பெரிய பீரங்கிகளோடு வந்து, மே 24-ந் தேதிதான் கோட்டை விழுந்தது.

எட்டயபுரத்து நண்பர் வாசலுக்கு வெளியிலேயே சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. "என்ன ஓய்?" என்றதற்கு, "நீங்க பாருங்க" என்றார். இத்தனை வருஷமாக இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவர் இங்கே வந்ததே இல்லையாம். அப்போதுதான் எனக்கு அந்தப் பட்டப் பெயரின் கனம் உறைத்தது.

திண்டில் உட்கார்ந்து, அதே வெல்ஷ் எழுதியுள்ள இன்னொரு விஷயத்தை வாத்தியார் சொன்னார். கோட்டை விழுந்த அன்று ஊமைத்துரை காயப்பட்டுப் பிணங்களுக்கு நடுவே கிடந்தான். மகனைத் தேடி வந்த ஒரு தாய், மகனைக் குற்றுயிராகக் கண்டு தூக்கப் போனாள். மகன், "என்னை விடு அம்மா, சாமி அங்கே கிடக்கிறார், அவரைக் காப்பாற்று" என்று சொல்லிவிட்டான். அவள் அப்படியே செய்தாள். கூட இருந்த பெண்களோடு ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கிராமத்துக்குப் போனாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் அவன்மேல் துணியைப் போர்த்து, "எங்கள் பிள்ளை அம்மை கண்டு போய்விட்டானே" என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். ஊமைத்துரை அப்புறம் மருது சகோதரர்களிடம் போய்ச் சேர்ந்தான். பிறகு பிடிபட்டு, அந்த வருஷம் நவம்பரில் தூக்கு மேடை ஏறினான்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்த எட்டயபுரத்து நண்பர், "வந்தவங்க எத்தனை பேர்?" என்றார்.

"அதெல்லாம் எழுதவில்லை."

"அம்மைப் பிணத்தைத் துணியை விலக்கிப் பார்க்கப் பயந்திருப்பாங்க, சரிதான். ஆனா அந்தக் கூட்டத்திலே ஒருத்தனுக்காவது சந்தேகம் வந்திருக்கும் ஓய். தெரிஞ்சும் தெரியாத மாதிரி திரும்பிப் போயிருப்பான். அப்படி ஒருத்தன் இருந்திருப்பான்னு நான் நினைச்சுக்கிடுறேன்."

சரித்திர வாத்தியார் இதற்குப் பதில் சொல்லியிருக்கலாம்: ஆதாரம் இல்லை, வெல்ஷ் அப்படி எழுதவில்லை என்று. கதை எழுதுகிறவனான எனக்கும் அது ஊகம் என்று தெரியும். ஆனால் முத்துசுவாமி தீட்சிதரைக் கடைசி வரை ஆதரித்த ஊர் அது. உமறுப் புலவர் அடக்கமான ஊர். பாரதி பிறந்த ஊர். அந்த ஊரின் பெயரை ஒரே ஒரு வசவாகச் சுருக்கி, இருநூறு வருஷமாக அங்கே பிறக்கும் பிள்ளைகளின் தலையில் கட்டுவதற்கு மட்டும் என்ன ஆதாரம் இருக்கிறது?

வாத்தியார் எழுந்து போனார். நண்பரின் சைக்கிளைத் தாமே உருட்டிக்கொண்டு வாசலுக்குள் நுழைந்தார். அவரும் பின்னாலேயே வந்தார்.

எப்போதும்வென்றான் வழியாக எட்டயபுரம் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. நண்பரின் வீட்டில் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் காத்திருந்தன. நாலு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து சைக்கிள் சக்கரங்களில் அப்பியிருந்த மண்ணைக் கழுவினோம். கழுவிய தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து வந்ததோ, கிணற்றிலிருந்து வந்ததோ, கேட்கவில்லை. புறப்படும்போது வாத்தியார் நண்பரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவருடைய சொந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான்.